கப்பல் பாய்

எங்கள் லாட்ஜுக்குள் அவர் முதல் தடவை காலடி எடுத்து வைத்ததே மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான்.

"மாஃப் பண்ணுங்கம்மா, லேட்டாயிடுச்சு" என்றார். ஆள் அனுப்பிக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. ஒலிமுகமதுபேட்டையிலிருந்து சைக்கிளை மிதித்த வேகத்தில் காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டம் போட்ட லுங்கி, மீசையில்லாத தாடி, தோளில் சாமான் பை. நெட்டையான மனிதர், ஆனால் யாரிடம் பேசினாலும் அவர்களைவிடக் குள்ளமாகிவிடுவார், அப்படிக் குனிந்து நிற்பார்.

ஊரில் எல்லோருக்கும் அவர் கப்பல் பாய். இளவயதில் ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் போகிற சரக்குக் கப்பலில் குடிதண்ணீர் பம்பைப் பார்த்துக்கொண்டவர். அதை விட்டுவிட்டு வந்து இங்கே பம்பு செட்டும் குழாயும் ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். "கப்பல்ல கட்டுற பாயா, கீழ விரிக்கிற பாயா?" என்று பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள் கேலி செய்வார்கள். "ரெண்டும் கிழியுற சாமான்தானேப்பா" என்று அவரும் சிரிப்பார்.

கோயிலுக்குப் போகிற தெரு ஒன்றில் என் கணவர் கட்டிய லாட்ஜ் அது. கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பங்கள்தான் பெரும்பாலும் தங்கும். பின்கட்டில் கிணறு, அதில் ஒரு மோட்டார், மொட்டை மாடியில் தொட்டி. லாட்ஜ் ஓட ஆரம்பித்த கொஞ்ச காலத்திலேயே என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கவுன்டருக்குப் பின்னால் இருந்த அறையில் அவருக்குக் கட்டில் போட்டோம். படுத்தபடியே வாசலில் நடப்பதெல்லாம் அவருக்குக் கேட்கும். கவுன்டரில் நான் உட்கார்ந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. கவுன்டரில் ஒரு பெண்ணைப் பார்த்தால் வருகிறவர்கள், "மேனேஜர் இல்லீங்களா?" என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள்.

அன்றைக்கு மாடி முழுக்க ஒரு கல்யாண கோஷ்டி. மோட்டார் ஓடுகிறது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. முன்பு ரிப்பேர் பார்த்தவர் வந்து, மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி எரிந்துவிட்டது, கழற்றி மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைச் சொன்னேன்.

"மோட்டாரு பாவம்மா" என்றார் பாய். "தண்ணி வரலேன்னா எல்லாரும் மொதல்ல அது மேலதான் பழி போடுவாங்க. கடைசியில பார்த்தா அது மேல தப்பு ஒண்ணுமே இருக்காது."

கிணற்றுப் பக்கம் அவர் போகவில்லை. முதலில் மாடி பாத்ரூம் குழாயைத் திறந்து அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு தொட்டி. பிறகு அங்கிருந்து இறங்கும் குழாயை, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப்போலத் தொட்டுக்கொண்டே கீழே வந்தார். கடைசியில்தான் மோட்டார். அதன் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"காத்தைக் குடிக்குதும்மா."

பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றி நிரப்பிவிட்டு மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணீர் ஏறியது, உடனே நின்றுவிட்டது. "பார்த்தீங்களா, கிணத்துல தண்ணி இருக்குது, பம்பும் இழுக்குது. நடுவுல எங்கேயோ காத்து உள்ள பூர்ற வழி இருக்குது." சோப்பைக் குழைத்து, கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் மூட்டுகளில் ஒவ்வொன்றாகப் பூசினார். வளைவில் இருந்த மூட்டில் பூசியதும் நுரை உறிஞ்சப்பட்டதுபோல உள்ளே போய்விட்டது. மோட்டாரின் சத்தம் கனத்தது. மேலே தொட்டியில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது. கல்யாண வீட்டுப் பெண்கள் மாடியிலிருந்தே "வந்துட்டுது, வந்துட்டுது" என்று கத்தினார்கள்.

மூட்டைக் கழற்றிச் சணல் சுற்றி, பெயின்ட் தடவி முறுக்கிவிட்டு வந்து என் முன்னால் நின்றார்.

"மாஃப் பண்ணுங்கம்மா. கல்யாணத்துக்கு வந்தவங்களை இவ்ளோ நேரம் காக்க வச்சிட்டேன்."

அந்தக் குழாய் மூட்டை அவர் வாழ்நாளில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். அவர் போன பிறகு உள்ளே கட்டிலிலிருந்து என் கணவர் கேட்டார்: "யாருடி இவன், சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி பேசிக்கினு போறான்?"

அதன் பிறகு எங்கள் லாட்ஜுக்கு அவர்தான். எங்களுக்கு மட்டுமில்லை, அந்த வட்டாரத்துச் சாப்பாட்டுக் கிளப்புகள், ஜவுளிக் கடைகள், சாயப் பட்டறைகள் எல்லாவற்றுக்கும் அவர்தான். வேலை சுத்தம். ஆனால் எது உடைந்தாலும் "என் தப்புதான்" என்று சொல்லிவிடுகிற பழக்கம் மட்டும் போகவே இல்லை. ஊர் அதை எவ்வளவு சீக்கிரம் கண்டுகொண்டது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் சங்கடமாக இருக்கிறது. எங்கள் மாடியில் தங்கிய ஒருவர் பித்தளைக் குழாயை முரட்டுத்தனமாகத் திருகி உடைத்துவிட்டு, "என்னய்யா ஃபிட்டிங் பண்ணியிருக்கே?" என்று சத்தம் போட்டார். "நான்தாங்க இறுக்கமா பூட்டிட்டேன், மாஃப் பண்ணுங்க" என்று பாய் புதுக் குழாய் மாட்டினார். ஒரு ஜவுளிக் கடையில் கொத்தனார் கடப்பாரையால் குழாயைக் குத்திக் கூரையெல்லாம் ஒழுகியது. கொத்தனார் பாயைக் கைகாட்டினார். "இன்னும் கொஞ்சம் ஆழத்துல பதிச்சிருக்கணும், நான் யோசிக்கல" என்று பாய் கூலி வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். பழி போட ஆள் தேவைப்பட்டவர்கள் எல்லோரும் அவரைத் தேட ஆரம்பித்தார்கள்.

"ஏன் பாய் இப்படி எல்லாத்தையும் உங்க தலைமேல போட்டுக்கிறீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சொல்லிட்டா சண்டை முடிஞ்சிடுதில்லம்மா."

சண்டை முடிந்தது உண்மைதான். ஆனால் அவர் முகத்தில் எதுவும் முடிந்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ரிப்பேருக்காகத் தண்ணீரை மூட வேண்டும் என்றால் நேராக வால்வை மூடமாட்டார். மாடியிலிருந்து கீழ்வரை ஒவ்வொரு அறைக் கதவையும் தட்டுவார். "தண்ணி மூடப் போறேங்க, புடிச்சு வச்சிக்கோங்க. உள்ள யாருக்காச்சும் ஒடம்பு முடியலையா? ஜுரம் கிரம் இருக்குதா?" என்று கேட்பார். புடவை எடுக்க வந்தவர்கள் விழிப்பார்கள். ஒருமுறை ஓர் அறையில் ஆள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து வரும் வரை பாய் வராந்தாவில் குந்தி உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. "ஒரு வாஷர் மாத்தறதுக்கு இவ்ளோ நேரமா பாய்?" என்றேன். "அவர் எந்திரிச்சு வரட்டும்மா, தண்ணி வேணும்னா எப்படிக் கேப்பாரு?" என்றார். என் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கூஜாவையும் அவரே நிரப்பி வைத்துவிட்டுத்தான் வால்வில் கை வைப்பார். "போதும்யா, நான் என்ன பாலைவனத்துலயா படுத்துக்கினு இருக்கேன்" என்று என் கணவர் கடிந்துகொள்வார்.

ஒரு வருஷம் மழை பொய்த்து, கோடையில் ஊரே காய்ந்தது. நான் தென்னேரிக்காரி. எங்கள் ஊர் ஏரியே தரை வெடித்துக் கிடக்கிறது என்று அண்ணன் வந்து சொல்லிவிட்டுப் போனார். லாட்ஜ் கிணற்றில் தண்ணீர் அடியில் கிடந்தது. காலையில் ஒரு தடவை மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவோம். அதோடு அன்றைய பொழுதை ஓட்ட வேண்டும். கிணறு வற்றினால் லாட்ஜைப் பூட்ட வேண்டியதுதான். எங்களுக்கு வேறு வரும்படி கிடையாது. அப்படி இருக்கும்போது, அறைகள் பாதி காலியாக இருந்த நாட்களில்கூட, மதியத்துக்குள் தொட்டியில் தண்ணீர் இறங்கிப்போனது.

"எவனோ திருடறான்" என்றார் என் கணவர். "பாயைக் கூப்பிடு."

பாய் எல்லாக் குழாய்களையும் மூடச் சொன்னார். ஒரு நீளமான திருப்புளியின் இரும்பு முனையைக் குழாயில் ஊன்றி, கட்டைப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குப் போனார். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மதிலோரமாக ஒரு குழாய் உண்டு. அங்கே போனவர் வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"வாஷருதாம்மா. நான் போட்ட வாஷரு, சரியில்ல. என் தப்பு."

வாஷரை மாற்றினார். மறுநாளும் தண்ணீர் இறங்கியது. மறுபடி வந்து பார்த்தார். "மூட்டுல கசியுதும்மா. நான்தான் சரியா முறுக்கல" என்றார். மூட்டை முறுக்கினார். அதற்கடுத்த நாளும் தொட்டியில் அடித்தரை தெரிந்தது.

என் கணவர் அவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். ரூமுக்கு வந்திருந்தவர்கள் சிலர் கவுன்டரில் நின்றார்கள். லாட்ஜைக் கூட்டிப் பெருக்குகிற முனியம்மா துடைப்பத்தோடு நடைவழியில் நின்றாள்.

"நீ போட்ட வாஷர், நீ முறுக்கின மூட்டு. அப்போ எல்லாமே உன்னாலதான் போவுது. அப்படித்தானே?"

"ஆமா முதலாளி."

"வேலை தெரியாத ஆளை வச்சிக்கினு நான் என்ன பண்றது? கிணறு காஞ்சு லாட்ஜை மூடினா நீயா சோறு போடுவே? இனிமே இந்தப் பக்கம் வராதே."

"மாஃப் பண்ணுங்க முதலாளி" என்று பாய் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நின்றவர்கள் எல்லோரும் அவர் போவதையே பார்த்தார்கள்.

அவர் சைக்கிள் தெரு முனையைத் தாண்டியிருக்காது. முனியம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து கவுன்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அந்தப் பாய் மேல ஒண்ணும் இல்ல. நான்தான் தண்ணி வுட்டேன்."

மதிலுக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் அவள் வீடு. அந்தச் சந்துக்கு இருந்த ஒரே தெருக்குழாய் காய்ந்துவிட்டது. ஊர்க் குப்பையை அள்ளுகிறவர்கள் வாழ்கிற சந்து. பக்கத்துத் தெருக்களில் போய்க் குடம் வைத்தால் விரட்டினார்கள். காலையில் லாட்ஜைப் பெருக்க வரும்போது முனியம்மா பின்கட்டுக் குழாயில் ரப்பர் டியூபை மாட்டி, மதிலின் சாக்கடை ஓட்டை வழியாக அந்தப் பக்கம் விட்டிருக்கிறாள். சந்துப் பெண்கள் குடத்தோடு காத்திருப்பார்கள்.

"பாய் அன்னிக்கே பார்த்துட்டாரும்மா. டியூபு மடங்கிக் கிடந்துது. அதை நிமித்தி வுட்டுட்டு, 'பாதி திருப்பினா போதும்மா, ஜாஸ்தி வுட்டா தொட்டி சீக்கிரம் எறங்கிடும்'னார். என்னை ஒரு வார்த்தை சொல்லல. போய் தன் பேரைச் சொல்லிட்டாரு."

உள்ளே என் கணவருக்கு இதெல்லாம் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் நான் ஒலிமுகமதுபேட்டைக்குப் போனேன். பாய் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பழைய லாரி டியூபை வட்ட வட்டமாக வெட்டி வாஷர் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். அவர் மனைவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

"முனியம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா பாய். எங்ககிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமில்ல?"

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்தார். மனைவியை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் எழுந்து உள்ளே போனார்.

"ஒரு தடவை உண்மையைச் சொன்னேம்மா. அதுலேருந்துதான்..." என்று ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே சொல்கிறேன்.

கப்பலில் குடிதண்ணீர் என்றால் அடித்தட்டில் ஒரு தொட்டி, அதிலிருந்து இழுக்க ஒரு பம்பு, பம்பிலிருந்து ஒவ்வொரு தட்டுக்கும் பிரிகிற குழாய். யாராவது குழாயைத் திறந்தால் பம்பு தானாக ஓடும், மூடினால் நின்றுவிடும். சரக்குக் கப்பலில் தண்ணீருக்கு நேரம் வைத்திருந்தார்கள். அந்த நேரம் போக மற்ற நேரத்தில் பம்பு பேசாமல் இருக்க வேண்டும். அந்தப் பயணத்தில் ரங்கூனிலிருந்து திரும்பும்போது, யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாத வேளையில் பம்பு அடிக்கடி ஓடி ஓடி நின்றது.

"ரெண்டே காரணம்தாம்மா. ஒண்ணு எங்கேயோ கசியணும், இல்லேன்னா யாரோ எடுக்கணும். ஒவ்வொரு மூட்டா பார்த்தேன், ஈரமே இல்ல. அப்புறம் பம்பு ஓடுறப்ப ஒவ்வொரு குழாயா கையை வச்சுப் பார்த்தேன். தண்ணி ஓடுற குழாய் சில்லுனு இருக்கும். கரி அள்ளிப் போடுற ஆளுங்க தங்குற எடத்துக்குப் போற குழாய் சில்லுனு இருந்துது. எனக்கு அப்போ வயசு. கண்டுபுடிச்சிட்டோம்னு ஒரே சந்தோஷம். சாரங்கிட்ட ஓடிப் போயி, 'கசிவு இல்ல சார், திருட்டு'ன்னு சொன்னேன்."

கப்பல் ஆட்களுக்கெல்லாம் தலைவர் அந்தச் சாரங். அந்தக் குழாயை மூடு என்றார். பாய் வால்வை மூடி, யாரும் திறக்க முடியாதபடி கம்பியால் கட்டினார்.

"அன்னிக்கு சாயங்காலம் அங்க இருந்து ஒருத்தன் வந்தான். 'பாய், கொஞ்சம் தொறங்க'ன்னான். எதுக்குன்னேன். சொல்லல. 'கொஞ்சம் தொறங்க பாய், ஒரு சொம்பு போதும்'னான். சாரங் உத்தரவு, போய் அவரைக் கேளுன்னேன். என் காலைத் தொட்டான்மா. நடிக்கிறான்னு நெனச்சேன்."

அவன் போய்விட்டான். உள்ளே அவனுடைய கூட்டாளி கடும் ஜுரத்தில் கிடந்தான். ஜுரம் என்று தெரிந்தால் அடுத்த துறைமுகத்திலேயே இறக்கி விட்டுவிடுவார்கள், வேலை போய்விடும் என்று அவனை மூட்டைகளுக்கு நடுவில் மறைத்து வைத்திருந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஜுரத்தில் கிடந்தவன் சத்தியம் வாங்கியிருந்தான். குடிக்கவும் ஈரத்துணி போடவும்தான் அவர்கள் தண்ணீர் எடுத்திருக்கிறார்கள் என்பது பாய்க்குப் பிறகுதான் தெரிந்தது.

"மெட்ராஸ் வர்றதுக்கு முன்னால செத்துட்டான்மா. கடல்லயே வுட்டுட்டாங்க. கரையில டாக்டரு சொன்னாரு, தண்ணி இருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டான், முத்திப்போன ஜுரம்னு. எல்லாரும் என்னைத் தேத்தினாங்க." பாய் தரையில் கிடந்த ரப்பர் துண்டுகளைக் கையால் ஒதுக்கினார். "ஜுரத்துல செத்தான், சரி. தாகத்தோட செத்தானே, அது யாரு தப்பும்மா?"

உள்ளே அவர் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

பாய் எழுந்தார். "முனியம்மா சந்துல குழாய் ஏன் காஞ்சுதுன்னு நான் இன்னும் பார்க்கவே இல்லம்மா. பார்த்திருக்கணும்." பையை எடுத்துச் சைக்கிளில் மாட்டினார்.

நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது அவர் சந்துக் குழாயைப் பார்த்துவிட்டு, அதற்கு வருகிற குழாய் வழியே தெரு முனைக்கு வந்திருந்தார். அங்கே ஒரு மாடி வீடு. அந்த வீட்டுத் தோட்டத்தில் குழாய் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எதிரே செங்கல் கட்டிய ஒரு சின்னக் குழி, மேலே கல் மூடி. பாய் மூடியை நகர்த்தினார். சந்துக்குப் பிரிகிற வால்வு இறுக மூடியிருந்தது. யாரும் திறக்காதபடி அதைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே அவர் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு முடியாமல் போய்விட்டதோ என்று நான் பயந்து, "பாய்" என்று கூப்பிட்டேன். அவர் நிமிரவில்லை. பையில் கைவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பியை வெட்டினார். இரண்டு கையாலும் வால்வைப் பிடித்துத் திருகினார். துருப்பிடித்த வால்வு முனகிக்கொண்டு திரும்பியது. சந்துக்குள்ளிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது.

மாடி வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயில் வேகம் குறைந்ததைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஊரில் செல்வாக்கானவர். அவரோடு இரண்டு மூன்று ஆட்களும் வந்தார்கள்.

"எவன்டா தொறந்தது?"

பாய் எழுந்து நின்றார். அன்றைக்குத்தான் அவருடைய முழு உயரத்தையும் நான் பார்த்தேன்.

"நான்தான் தொறந்தேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. இந்தத் தண்ணி அவங்களுக்கும் வர்ற தண்ணி."

மாடி வீட்டுக்காரர் பளார் என்று ஓர் அறை விட்டார். பாய் கல் மூடிமேல் தடுமாறி விழுந்தார். உதடு கிழிந்து தாடியில் ரத்தம் இறங்கியது. "ஐயோ, அடிக்காதீங்க" என்று நான் நடுவில் போனேன். அதற்குள் முனியம்மாவும் சந்துப் பெண்களும் குடத்தோடு வந்துவிட்டார்கள். குழியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தெருவில் கூட்டம் கூடியது. ஜவுளிக் கடைக்காரர்கள் படியிறங்கி வந்து பார்த்தார்கள்.

பாய் எழுந்து லுங்கியைத் தட்டினார். "நாளைக்கு மூடினீங்கன்னா நாளைக்கும் வந்து தொறப்பேன்" என்றார். கத்தவில்லை.

மாடி வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். என்னவோ முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அந்த வால்வை அதற்குப் பிறகு யாரும் மூடவில்லை.

நான் லாட்ஜுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது என் கணவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தாளை வரச் சொல்லு" என்றார் கடைசியில். பாய் வந்தார். என் கணவர் இடது கையை நீட்டி அவர் கையைப் பிடித்தார். "எல்லார் முன்னாலயும் பேசிட்டேன்யா" என்று மட்டும் சொன்னார். பாய் பதறிப்போய், "அதெல்லாம் ஒண்ணும் இல்ல முதலாளி" என்று கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். இவர் விடவில்லை.

அந்த வாரக் கடைசியில் பாய் கவுன்டருக்கு வந்தார். கடலூருக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். கப்பலில் இறந்துபோனவனின் ஊர். அந்த ஊர்ப் பெயரை இத்தனை வருஷமும் ஞாபகத்தில் வைத்திருந்தார், போனதில்லை.

"எல்லாத்தையும் அவங்க வீட்டுல சொல்லிடப் போறேம்மா. அடிச்சாங்கன்னா அடிக்கட்டும்" என்றார். உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. நல்லபடியாகப் போய்வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது அந்தத் தெளிச்சி இல்லை. நான் நீட்டிய டீயைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

அவனுடைய தாய் மட்டும் இருந்தாள். வயதாகிவிட்டது, ஒரு கண் தெரியவில்லை. உன் மகனோடு கப்பலில் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறாள். மகன் செத்ததாக ஒரு தந்திதான் வந்ததாம். எப்படிச் செத்தான், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஒன்றும் தெரியாது. கப்பலிலிருந்து அந்த வீட்டுக்கு வந்த முதல் ஆள் இவர்தான்.

"'கடைசியா என் புள்ள என்ன கேட்டான்?'னாங்கம்மா. தண்ணி கேட்டான்னு சொன்னேன். சொல்லிட்டு, மீதியையும் சொல்லிடணும்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள, 'குடுத்தியாப்பா?'ன்னு கேட்டாங்க."

டீயில் ஆடை படிந்துவிட்டது. அவர் குடிக்கவில்லை.

"குடுத்தேன்னு சொல்லிட்டேன்மா."

உள்ளே கட்டிலிலிருந்து என் கணவர் மெதுவாக, "அந்தம்மா மனசு ஆறட்டும் பாய், விடு" என்றார். பாய் தலையை ஆட்டினார். யாருக்காக ஆட்டினார் என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் அவர் அந்தக் குப்பத்துக்குப் போனார். கிழவிக்குப் புடவையும் அரிசியும் வாங்கிப் போவார். இந்தத் தடவை சொல்லிவிடுவேன் என்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அங்கே போனதும் கிழவி அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிடுவாளாம். "என் புள்ளைக்குக் கடைசித் தண்ணி குடுத்த கை இது" என்று அவர் கையைத் தூக்கிக் காட்டுவாளாம். அவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவார். நானும் கேட்கமாட்டேன், அவரும் சொல்லமாட்டார்.

கிழவி இறந்த செய்தி ஒரு மழைக்காலத்தில் வந்தது. அன்றைக்கு அவர் எங்கள் மாடித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். செய்தி கொண்டு வந்த ஆளை அனுப்பிவிட்டு நான் மாடிக்குப் போய், தொட்டி ஏணியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துச் சொன்னேன். தொட்டிக்குள் நின்றபடி கேட்டார். கையிலிருந்த பிரஷைச் சுவர்மேல் வைத்தார். ஏறி வெளியே வராமல் அங்கேயே நின்று என்னை அண்ணாந்து பார்த்தார்.

"இனிமே யாருகிட்டம்மா சொல்றது?" என்று கேட்டார்.